நான்கடி மண்ணில் வாகையும் புன்னையும்

இந்தக் கதையில் வரும் எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒன்றையும் அழகுக்காகச் சேர்க்கவில்லை.

தருமபுரிப் பக்கம் ஒரு சிற்றூரில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரே தோட்டம். நீளம் இருபத்து நான்கு அடி, அகலம் பதினெட்டு. தோட்டம் என்று பெயர்தான், அடியில் பாறை. கடப்பாரை இறங்கும் இடம் ஒன்றே ஒன்று, நான்கடிச் சதுரம். அந்த மண்ணில் ஒரு வாகை மரம் நின்றது. கிழக்கு வீட்டுச் செங்காயியின் கணவர் ஒன்பது வருடத்துக்கு முன் நட்டது. நட்டவர் இப்போது இல்லை.

மேற்கு வீட்டுக்கு லூர்தம்மாள் ஒரு சித்திரையில் குடிவந்தாள். தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். அவள் தாய்வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டு முற்றத்துப் புன்னையின் கன்று ஒன்றை மட்டும் எண்ணெய் டின்னில் வைத்து மூன்று வருடமாகக் காப்பாற்றி வந்தாள். அதன் வேர், துருவேறிய அடித்தகரத்தைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத நட வேற எடமே இல்லையாக்கா?"

"பாறை மேல நடு. உன் புன்னைக்குப் பல்லு இருந்தா கடிச்சு எறங்கட்டும்" என்றாள் செங்காயி. இருவரும் சிரித்தார்கள்.

அதே வருடம் கார்த்திகை இருபதாம் தேதி செங்காயி ஓசூருக்குப் புறப்பட்டாள். மகளுக்குத் தலைப்பிரசவம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாகை அன்று நிறைய இலையோடு நின்றது.

"லூர்து, இந்த வருசம் மழை ஏச்சுப்புடுச்சு. தினம் ரெண்டு குடம் ஊத்து. அவரு கையால வச்ச மரம். ஒருவேளை பட்டுப்போச்சுன்னா, அதை நான் கண்ணால பாக்கக் கூடாது. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சிரு."

"சரிக்கா, என் சத்தியம்" என்றாள் லூர்தம்மாள்.

மார்கழி நடுவில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. தை பத்தாம் தேதி ஓர் இலையும் இல்லை. காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் கலகலவென்று ஆடின. அந்தச் சத்தம் லூர்தம்மாளுக்கு எலும்புச் சத்தம் போலக் கேட்டது. அன்று முதல் நாற்பத்திரண்டு நாள், ஒரு நாளும் தவறாமல், இரண்டு குடத்துக்கு நான்கு குடமாக ஊற்றினாள். ஒரு தளிரும் வரவில்லை.

வாரம் ஒரு முறை செங்காயியோடு போனில் பேசினாள். மரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்குப் பட்ட மரத்தின் சேதி போகக்கூடாது என்று நினைத்தாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் மரம்வெட்டி முனிவேலைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த மரம் பட்டுப்போச்சு. வெட்டி எடுத்துக்கிடுங்க."

முனிவேல் மரத்தை அண்ணாந்து பார்த்தான். "சரிம்மா" என்று மட்டும் சொன்னான். கோடாலி விழும்போது லூர்தம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். தரைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினான். கட்டைகளைத் தன் வீட்டுச் சுவரோரம் அடுக்கி, ஒன்பது நாள் வெயிலில் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் விற்றான்.

மறுநாள் அவள் புன்னையை நட்டாள், அடிமரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

பங்குனி பத்தொன்பதாம் தேதி, வெட்டிய அடிமரத்தில் ஒரு துளிர் கிளம்பியது. லூர்தம்மாள் அதன் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் முள் வெட்டிவந்து, ஆடு கடிக்காதபடி துளிரைச் சுற்றி வளைத்துக் கட்டினாள்.

சித்திரை பதினொன்றில் செங்காயி பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்து இறங்கினாள். அடிமரத்தில் அப்போது ஏழு துளிர். பக்கத்தில் நான்கு புது இலைகளோடு புன்னை.

"உசிரோட இருந்ததை வெட்டிட்டியேடி! குளிர் மாசத்துல வெயில் விடணும், சித்திரையில கொடை பிடிக்கணும்னுதானே அவரு வாகையை வச்சாரு. தையில மொட்டையாகும், அப்புறம் தழையும். இது ஊருக்கே தெரியும்."

"எங்க ஊர்ல எல இல்லன்னா செத்த மரந்தான்க்கா. புன்னை ஒரு நாளும் மொட்டையா நிக்காது. நீங்க ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொல்லணுமா? உன் டின்னுக்கு எடம் வேணும், அதான்."

முனிவேலை அழைத்துக் கேட்டார்கள்.

"பட்ட மரம்னு அந்தம்மாதான் சொல்லிச்சு. வெட்டச் சொன்னா வெட்டுறது என் தொழில். மரத்துக்கு நாடி பாக்கச் சொன்னாங்களா?"

செங்காயி குனிந்து புன்னையின் தண்டில் கைவைத்தாள். பிடுங்கினால் வேரோடு வந்துவிடும்.

கதை இங்கே நிற்கிறது. சொல்லாமல் போனவள் ஒருத்தி, வெட்டச் சொன்னவள் ஒருத்தி, வெட்டியவன் ஒருவன். இந்த மூவரில் பிழை யாருடையது?

விடை: பட்ட மரத்தின் கட்டையை ஒன்பது நாள் வெயிலில் காயப்போட வேண்டியதில்லை. ஈரம் இருந்தது, அது முனிவேலுக்குத் தெரியும். ஆகவே பெரிய பிழை அவனுடையது. லூர்தம்மாள் வந்தது சித்திரையில், செங்காயி போனது கார்த்திகையில். அந்த எட்டு மாதமும் வாகை பச்சை. அது மொட்டையாகி நிற்பதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. இடத்துக்கு ஆசைப்பட்டவள் நாற்பத்திரண்டு நாள் நான்கு குடம் சுமக்கமாட்டாள், துளிருக்கு முள்ளும் கட்டமாட்டாள், கிள்ளி எறிந்திருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்தைப் பார்க்காமல் விட்டது மட்டும் அவள் பிழை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தது செங்காயியின் பிழை. அந்த முள்வேலியைப் பார்த்த பிறகு செங்காயி தண்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இப்போது காலையில் ஒருத்தி வாகைக்கு ஊற்றுகிறாள், மாலையில் ஒருத்தி புன்னைக்கு ஊற்றுகிறாள். பேச்சு இல்லை. மூவர் பிழையையும் எண்ணிச் சொல்லிவிட்டேன். நான்கடி மண்ணில் இரண்டு மரம் எத்தனை வருடம் நிற்கும் என்பதை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.