தீக்காக்கை திரும்பியது

மூன்று வருஷமாகத் தீக்காக்கை சென்னியப்பனுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கேமரா பித்துப் பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை, உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பறவைப் படம் எடுக்கச் சொல்லித்தரும் பூங்கோதை டீச்சரைத் தேடிப் போய், பழத்தட்டு வைத்துச் சிஷ்யனாகச் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட. இருந்தால் என்ன, குரு குருதானே!

தீக்காக்கைக்குப் பெயரில்தான் காக்கை. ஆண் பறவைக்கு மார்பும் வயிறும் அப்படி ஒரு குங்குமச் சிவப்பு. ஆனால் மகா அழுத்தம் பிடித்தது. கிளையில் வந்து உட்கார்ந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்துவிடும். சென்னியப்பனிடம் பழுப்பு முதுகாகவே படம் குவிந்து கிடந்தது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுவரை அந்தச் சிவப்புக்காகவே காலியாக விட்டு வைத்திருந்தார். வருகிறவன் போகிறவனெல்லாம், "என்னங்க, உங்க காக்கா இன்னும் திரும்பலையா?" என்று கேட்டு அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள்.

"இந்தத் தடவ செவப்பப் புடிக்காம மலை எறங்க மாட்டேனுங்க டீச்சர்."

இப்படிச் சபதம் போட்டுத்தான் ஆனைமலைக்கு வந்திருந்தார். மகளும் பேத்தியும் கூட வந்து மலைப் பங்களாவில் தங்கியிருந்தார்கள்.

விடிந்ததும் ஜீப் கிளம்பியது. பேத்தி ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்புச்சி! வா அப்புச்சி! வா!"

"வந்தர்றேன் அம்முணி, அழுவாத!"

ஜீப் புறப்படுவதை ஒவ்வொரு பயணத்திலும் போனில் வீடியோ எடுப்பது டீச்சர் வழக்கம். அன்றைக்கும் எடுத்தார்.

காட்டுக்குள் நுழையுமுன் டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"போனு சட்டைப் பையிலயே கெடக்கட்டும்ங்ணா. பறவ தானா வரட்டும்."

காத்திருந்தார்கள். அட்டை கடித்தது, கால் மரத்தது, முதுகுகூட வரவில்லை. பக்கத்துச் சரிவில் இருவாச்சிப் பறவை கத்துகிற சத்தம் கேட்டு, டீச்சர் பார்த்து வரப் போனார்.

சென்னியப்பனுக்குக் கை அரித்தது. தீக்காக்கை ஆணின் குரல் போனில் இருந்தது, மச்சினன் பையன் அனுப்பியது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் கூப்பிட்டால் எந்த ஆணும் சும்மா இருக்காது. அது அவருக்கும் தெரியும். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்து ஒரு தடவை தட்டினார்.

அடேயப்பா!

எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கண்ணெதிரே, கைக்கெட்டும் கிளையில், நேருக்கு நேர்! வாயில் ஒரு வெட்டுக்கிளி. மார்பு முழுக்க அந்தச் சிவப்பு! இத்தனை வருஷம் கடையில் கலக்கிய சிவப்பெல்லாம் என்ன சிவப்பு! அவருக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தார். பறவை வாயைத் திறந்து கத்தியது. இந்தக் கிளை, அந்தக் கிளை என்று தாவித் தாவித் தேடியது. யாரும் இல்லை. பிறகு போய்விட்டது.

டீச்சர் திரும்பி வந்தபோது மனுஷன் சின்னப் பையன்போல குதித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க டீச்சர்! திரும்பிருச்சுங்க! செவப்புங்க!"

"கொரலு கேட்டுச்சே. போன்லயா?"

"ஒரே ஒருக்காத்தானுங்க."

டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"முதல் படத்துல வாயில வெட்டுக்கிளி இருக்குதுங்ணா. இதுல காணோமே?"

"கத்துனதுல கீழ உழுந்துருச்சுங்க. குஞ்சுக்குக் கொண்டு போயிருக்கும். வேற புடிச்சுக்காதுங்களா?"

டீச்சர் திரும்ப முதல் படத்துக்கே போய் அந்த வெட்டுக்கிளியைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் சென்னியப்பனைக் குடைந்தது.

"ஏனுங்க டீச்சர், நான் கல்லெடுத்தா எறிஞ்சேன்? வந்துச்சு, பாத்துச்சு, போயிருச்சு. அதுக்கு என்னங்க நட்டம்?"

"படம் நல்லா வந்திருக்குதுங்ணா" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

மத்தியானம் காட்டிலிருந்து திரும்பினார்கள். பங்களாவுக்குக் கீழே ஓர் ஓடை. "முன்னால போறேனுங்ணா, மெதுவா வாங்க" என்று டீச்சர் மேலே ஏறிவிட்டார். சென்னியப்பன் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, மடியில் கேமராவை வைத்துச் சிவப்பைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். காலிச் சுவரைக் காட்டி இனி எவன் வந்து என்ன கேட்பான்!

"அப்புச்சி! வா அப்புச்சி! வா!"

அழுகை. மேலே, புதருக்குள்ளிருந்து.

சென்னியப்பன் துள்ளி எழுந்தார். பிள்ளை பங்களாவை விட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டாளா? ஆனை நடமாடுகிற இடம்! மடியிலிருந்த கேமரா பாறையில் உருண்டதைக்கூடப் பார்க்கவில்லை. செருப்பில்லாமல், முள்ளையும் கல்லையும் மிதித்து அலறியடித்துக்கொண்டு ஏறினார்.

"அம்முணி! அம்முணி! எங்கடா கண்ணு!"

இந்தப் புதரை விலக்கினார், அந்த மரத்துக்குப் பின்னால் ஓடினார். யாரும் இல்லை. ஒரு கிளையில் டீச்சரின் போன் செருகியிருந்தது. காலையில் எடுத்த வீடியோ அதில் அழுதுகொண்டிருந்தது.

க்ளிக்.

எதிரே டீச்சர், கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பச்சப்புள்ள கொரல வெச்சு வெளையாடலாமுங்களா? என் உசுரே போயிருச்சுங்களே!"

டீச்சர் கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினார். வாய் பிளந்து, கண் பிதுங்கி, வெறுங்கையோடு ஒரு மனுஷன்.

"மொகம் நேரா உழுந்திருக்குதுங்ணா. வந்தீங்க, பாத்தீங்க, போகப் போறீங்க. உங்களுக்கு என்னங்ணா நட்டம்?"

சென்னியப்பன் கீழே பாறையில் கிடந்த கேமராவை எடுக்கக்கூட இறங்கவில்லை. பிள்ளையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று பங்களாவை நோக்கி மேலே ஓடினார்.