பூசி மூடிய வளை

புயல் கடந்து ஐந்து நாள் ஆகியும் காட்டோரக் குளத்தில் தண்ணீர் இறங்கவில்லை. கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே, கலங்கிப் பழுப்பாகி, அது அசையாமல் நின்றது. கரைமேல் இருந்த பெரிய மருதமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் வேர் ஒரு பெரிய மண்கட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனதால், அந்த இடத்தில் கரை பாதியாய் மெலிந்திருந்தது.

கரைக்கு அந்தப் பக்கம் பள்ளம். அங்கே குடியிருந்த முயல்களும் கீரிகளும் பாறை மேட்டுக்குப் போய்விட்டன. ஆமை மட்டும் போகவில்லை. பள்ளத்தில், கரையின் அடியை ஒட்டிய மணல்திட்டில், அது பதினான்கு முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. ஆமை முட்டையை எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. புரண்டால் உள்ளே இருக்கும் உயிர் கலைந்துவிடும். தண்ணீர் தேங்கினாலோ மூச்சு முட்டிப் போகும். இன்னும் இருபது நாள் அந்த மணலில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆமையின் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

குளத்து எருமை கரையைச் சீர்செய்ய முன்வந்தது. அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சேற்றில் புரளும். உடம்பெல்லாம் அப்பிய சேற்றோடு கரையேறி, மெலிந்த இடத்தில் முதுகைத் தேய்த்து உதிர்க்கும். பிறகு மிதிக்கும். ஆமை தன் வயிற்றுப்பக்க ஓட்டால் அந்தச் சேற்றின்மேல் ஊர்ந்து ஊர்ந்து இறுக்கும். நண்டு ஒன்றும் கூடவே இருந்தது. அது மிளகளவு மண் உருண்டைகளாகக் கொண்டுவந்து வைத்தது. எருமை ஒருமுறை திரும்பிப் பார்த்து, இந்த வேகத்தில் போனால் அடுத்த புயலுக்குள் ஒரு கைப்பிடி சேர்ந்துவிடும் என்று கேலி செய்தது.

சாய்ந்த மரத்தின்மேல் ஆலாப் பறவை ஒன்று ஒதுங்கியிருந்தது. புயல் அதைக் கடலிலிருந்து இவ்வளவு தூரம் தூக்கி எறிந்திருந்தது. இந்தக் குளத்துத் தண்ணீரில் உப்பே இல்லையே, இதை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று அது முதல் நாளே அலுத்துக்கொண்டது. இன்று அது அலுத்துக்கொள்ளவில்லை. கிழக்கே பார்த்தபடி சொன்னது:

"காத்து மறுபடியும் கடல் பக்கம் இழுக்குது. இன்னொண்ணு உருவாகுது. நாளைக்கு மழை வரும்."

எருமை மிதிப்பதை நிறுத்தியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பயம் எருமைக்குக் கோபமாக மாறுவது வழக்கம். அது கொம்பை ஆட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னது. "இந்தக் கரையில ஓட்டை போட்டது யாராயிருந்தாலும் சரி. காலை முறிச்சுப் பாறைக்கு அந்தாண்ட எறிஞ்சிடுவேன்."

பிறகு நண்டைப் பார்த்து, "உன் வளை எத்தனை இருக்குது?" என்று கேட்டது.

"ரெண்டுதான் அண்ணே. அதுவும் ஆழமில்லாதது" என்றது நண்டு.

உண்மையில் ஒன்பது இருந்தன. அவற்றில் எட்டைப் பற்றிப் பயமில்லை. ஒன்பதாவதுதான் நண்டின் நெஞ்சில் கனத்தது. கோடையில் குளம் வற்றியபோது ஈரம் தேடி அதை நீளமாகக் குடைந்துகொண்டே போயிற்று. ஒருநாள் கொடுக்கின் முனையில் வெளிச்சம் பட்டது. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் பள்ளம்! பதறிப்போய் அந்த முனையை மண் வைத்து மூடிவிட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டது.

அன்று நடுப்பகலில், எருமை சேற்றுக்குப் போன நேரம், நண்டு தன் ஒன்பது வளைகளின் வாயையும் மூடியது. தண்ணீர் ஏறும்போது வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பது நண்டுகளின் பரம்பரை வழக்கம். வாய் மூடினால் வளை பத்திரம் என்று அவை நம்பும். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தோன்றுவதில்லை. அன்று நண்டு வழக்கத்தைவிட அழகாகவே பூசியது. ஈர மண்ணைத் தடவித் தடவிச் சுவடே தெரியாமல் மெழுகியது. பிறகு ஆமை அதன்மேல் ஊர்ந்து இன்னும் வழவழப்பாக்கியது. தன் முட்டைகளுக்காகத்தான் நண்டும் இப்படிப் பாடுபடுகிறது என்று நினைத்து, தம்பிக்கு நல்ல கை என்று மெச்சிக்கொண்டது.

நண்டு தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையிலேயே மழை வந்துவிட்டது. குளம் விளிம்புவரை ஏறிற்று. சேறு பூசிய இடமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. எருமை கரைமேல் முன்னும் பின்னும் நடந்தது. ஆமை பள்ளத்துப் பக்கம் இறங்கித் தன் மணல்திட்டின் அருகே படுத்துக்கொண்டது.

அதுதான் முதலில் பார்த்தது. கரையின் அடியில் உள்ளங்கையளவு ஈரம். கொஞ்ச நேரத்தில் அதன் நடுவிலிருந்து நூல்போல் தண்ணீர் இறங்கியது. மழைத்தண்ணீராக இருக்கும் என்று ஆமை தன்னைத் தேற்றிக்கொண்டது. பிறகு அந்த நூல் சிவந்தது. சிவந்த தண்ணீர் என்றால், செம்மண் கரை உள்ளுக்குள் கரைந்து வருகிறது என்று பொருள். நூல் விரல் பருமனாயிற்று. நேராக மணல்திட்டை நோக்கி ஓடியது.

ஆமை போட்ட கூச்சலில் எருமை ஓடி வந்து பார்த்தது. குளத்துப் பக்கம் தண்ணீர் புகும் உள்வாய் எங்கே என்று தெரிந்தால் அடைத்துவிடலாம். குளத்துப் பக்கம் இறங்கி மூக்கால் துழாவியது. எங்கே தொட்டாலும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. ஒரு கீறலும் அகப்படவில்லை.

ஆமை நண்டைத் தேடிப் போனது. திட்டவில்லை. மெல்லத்தான் கேட்டது.

"தம்பி, இது எங்கேயிருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

நண்டு மழையில் நனைந்தபடி கொடுக்குகளை மடக்கிக்கொண்டது.  

"என்னோடதுதான் அக்கா. ஒம்போது இருக்குது. ஒண்ணு அந்தப் பள்ளம் வரைக்கும் போகுது."

"எது அதோட வாய்?"

நண்டு தண்ணீரைப் பார்த்தது. கரையைப் பார்த்தது. தான் பூசிய பூச்சில் தன் வளையைத் தானே கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலையே அக்கா" என்றது.

எருமை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. ஆமை குறுக்கே வந்து நின்றது.

"அவன் காலை முறிச்சா தண்ணி நிக்குமா அண்ணே? நீங்க அன்னிக்கு அப்படி மிரட்டாம இருந்திருந்தா, அன்னிக்கே வாயைத் திறந்திருப்பான்."

எருமை காலை மெல்லக் கீழே வைத்தது.

நண்டு அதற்குள் பள்ளத்துப் பக்கம் ஓடிவிட்டிருந்தது. வெளிவாய் தெரிகிறது, அதன் வழியே உள்ளே போனால் உள்வாய்க்கு வந்துதானே ஆக வேண்டும்? எதிரே தண்ணீர் மோதியது. எட்டுக் காலையும் சுவரில் ஊன்றி அது உள்ளே நுழைந்தது. போகுமுன், குளத்துப் பக்கம் தன் கொடுக்கு எங்கே வெளிவருகிறது என்று மேலிருந்து பார்க்கும்படி ஆலாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிற்று.

கலங்கிய கடலிலும் மீனைக் கண்டுபிடிக்கும் கண் ஆலாவுக்கு. அது மழைக்குள் எழும்பி, குளத்தின்மேல் நின்ற இடத்திலேயே சிறகடித்தது. எருமை கழுத்தளவு தண்ணீரில் காத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தில் தண்ணீர் மணல்திட்டின் ஓரத்தை நக்கத் தொடங்கியது. ஆமை தன் உடம்பையே குறுக்கே போட்டுப் படுத்தது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அப்போது பழுப்புத் தண்ணீருக்குள் செம்புள்ளி ஒன்று அசைந்தது. நண்டின் கொடுக்கு. ஆலா அம்புபோல் பாய்ந்து அந்த இடத்தைக் காட்டியது.

எருமை ஒரு கணமும் யோசிக்கவில்லை. சேறப்பிய தன் விலாவை அந்த இடத்தில் வைத்துக் கரையோடு கரையாய்ச் சாய்ந்து படுத்தது. அதன் பாரம் முழுவதும் நண்டின் கொடுக்கின்மேல் விழுந்தது. இழுத்தால் வராது. எருமை விலகினாலோ தண்ணீர் மறுபடி பாயும். நண்டு தோளடியில் தன் கொடுக்கைத் தானே கழற்றி விட்டுவிட்டு, வடியும் தண்ணீரோடு உருண்டு, ஆமையின் முன்னால் வந்து விழுந்தது.

ஓட்டம் சொட்டாயிற்று. சொட்டும் நின்றது. மழை ஓயும்வரை, ஒரு பகல் முழுவதும், எருமை எழுந்திருக்கவில்லை.

குளம் வடிந்ததும் நண்டு ஒற்றைக் கொடுக்கோடு ஒன்பது வளைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியது. எருமை சேறு கொண்டுவந்து அடிவரை நிரப்பியது. மறுபடி காலை முறிப்பதைப் பற்றிப் பேசவில்லை. ஒருமுறை மட்டும், அந்தக் கை முளைக்குமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டது. முளைக்கும், ஆனால் சின்னதாகத்தான் முளைக்கும் என்றது நண்டு.

இருபதாம் நாள் மணல் அசைந்தது. பதினொரு குஞ்சுகள் வெளியே வந்தன. தண்ணீர் தொட்ட ஓரத்தில் இருந்த மூன்று முட்டைகள் அப்படியே கிடந்தன. ஆமை அவற்றை மணலால் மூடிவிட்டுக் குஞ்சுகளின் பின்னால் மெல்ல நடந்தது.  நண்டு மட்டும் அந்த மணல்திட்டின் அருகே நெடுநேரம் நின்றது.

தன் தவற்றை அழகாகப் பூசி மூடுகிறவர், அதைச் சரிசெய்ய ஓடிவருகிறவர்களின் கண்ணையும் சேர்த்தே மூடிவிடுகிறார்.