பார்க்காமல் எழுதிய சிபாரிசு

அந்தக் கம்பெனியின் ப்ராஜெக்ட் மேனேஜர்களில் அருள்தாஸுக்குத்தான் லிங்க்ட்இன் என்ற தொழில் வலைத்தளத்தில் கூட்டம் அதிகம். பதினோராயிரம் பேர். சும்மா சொல்லக்கூடாது, நாலு வருடம் விடாமல் உழைத்துச் சேர்த்த கூட்டம். காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, பத்துப் பேருக்கு வாழ்த்துச் சொல்லிவிடுவார்.

அன்று மூன்று ஐம்பத்தைந்துக்கு மெஹருன்னிசாவின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்தார். மெஹருன்னிசா வயதில் அவரைவிட ஏழு வருடம் சின்னவர். தொழிலில் குரு. ஆறு வருடமாக அருள்தாஸுக்கு அவரிடம்தான் பாடம்.

"மேடம், ஒரு சிக்கல்."

"உட்காருங்க."

அருள்தாஸ் உட்காரவில்லை.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி ஒண்ணு கட்டறாங்க. ஆக்சிஜன் குழாய் வேலையை சுதர்சனம்னு ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கப் போறாங்க. அவரோட லிங்க்ட்இன் பக்கத்துல நான் எழுதின சிபாரிசைப் பார்த்திருக்காங்க. நாலு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணுவாங்க. நான் சரின்னா இன்னிக்கே ஆர்டர் குடுத்துடுவாங்க."

"என்ன எழுதினீங்க?"

"'எத்தனை நெருக்கடி வந்தாலும் தரத்தை விட்டுக்கொடுக்காதவர்.'"

"நல்லாத்தானே இருக்கு. எந்த ப்ராஜெக்ட்ல பார்த்தீங்க?"

அருள்தாஸ் மென்று விழுங்கினார். "ஆளையே பார்த்ததில்ல மேடம். அவர் எனக்கு ஒரு சிபாரிசு எழுதினார், பதிலுக்கு நான் அவருக்கு எழுதினேன். எல்லாரும் செய்யறதுதான்."

மெஹருன்னிசா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையை நீட்டி அருள்தாஸின் ஃபோனை வாங்கினார். சுதர்சனம் எழுதியதைத் தேடி எடுத்து வாசித்தார்.

"'அருள்தாஸ் தன் தப்பை மறைக்க மாட்டார். தானே முன்வந்து சொல்லிவிடுவார்.' இது உண்மையா?"

"உண்மைதான் மேடம். உங்களுக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?"

அருள்தாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"அவரைத் தெரியாதுன்னு சொன்னா என் மானம் போயிடும் மேடம். ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும், பதினோராயிரம் பேருக்கும் பரவிடும். அப்புறம் நான் எழுதற ஒரு வரியையும் எவனும் நம்ப மாட்டான். தெரியும்னு சொன்னா..."

மூக்கில் குழாய் வைத்த பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தார்கள்.

"ஒருவேளை அவர் நல்ல வேலைக்காரராவும் இருக்கலாமில்ல மேடம்?"

"இருக்கலாம்."

"அப்ப நான் என்னதான் சொல்லட்டும்?"

ஃபோன் அடித்தது. அது இன்னும் மெஹருன்னிசாவின் கையில்தான் இருந்தது. திரையில் வந்த எண்ணை ஒருமுறை பார்த்தார்.

"இதே நம்பர்தான். காலையில எனக்கும் வந்துது."

"உங்களுக்கா? சுதர்சனத்தைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல, உங்களைப் பத்தி. அருள்தாஸ் வார்த்தையை நம்பலாமான்னு கேட்டாங்க."

ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

மெஹருன்னிசா ஃபோனை அவரிடம் நீட்டினார்.

"ஆறு வருஷமாப் பார்க்கறேன், நம்பலாம்னு சொன்னேன்."