சடையனின் வாழ்த்துரை

பவானி ஆற்றங்கரை மடத்தில் தவமணி அம்மையிடம் சீடராகச் சேர்ந்தபோது சடையனுக்கு அறுபது வயது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சடையனின் வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். மற்ற மூன்றையும் மீனுக்குப் போட்ட வெடி கொண்டுபோய்விட்டது.

ஒருநாள் டவுனிலிருந்து விழாக்குழுக்காரர்கள் வந்தார்கள். முன்னாள் அமைச்சர் பொன்னுரங்கத்துக்குப் பாராட்டு விழாவாம். ஆற்றில் வெடி போடுவதை ஒழித்தவர் அவர். ஆலைக் கழிவு கலந்த குழாயை அடைத்தவர். தூண்டிலில் ஆளுயரக் கெண்டை சிக்கினாலும் நீளத்தை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே அவிழ்த்து விடுகிறவர். அவர் இல்லாவிட்டால் அந்த இனமே அற்றுப்போயிருக்கும்.

"அவர் போட்ட சட்டத்துல முதல்ல உள்ள போனது நீங்கதானே? திருந்தின ஆள் வாயால நாலு வார்த்தை வாழ்த்தினா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையின் எதிரில் சடையன் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஜெயில்ல இருக்கறப்ப எம் பொண்டாட்டி செத்துப்போனா. புள்ளகுட்டி இல்ல. கொள்ளி வைக்க ஒரு நாள் விடுங்கன்னு மனுக் குடுத்தேன். அது அவர்கிட்டப் போச்சு. ஒருத்தனுக்கு இரக்கம் காட்டினா ஒம்பது பேர் வெடியத் தூக்குவாங்கன்னு எழுதித் திருப்பிட்டாருங்க. அவரை நான் எந்த வாயால வாழ்த்தறது?"

"ஆத்துல இப்பக் கெண்டை இருக்குதா?"

"கூட்டங்கூட்டமா இருக்குதுங்க."

"நீங்க எல்லாம் வெடி போட்டுட்டே இருந்திருந்தா?"

"ஒண்ணு மிஞ்சியிருக்காதுங்க."

"வீட்டுக்காரம்மாவுக்கு யார் கொள்ளி வெச்சாங்க?"

"பங்காளி ஒருத்தன்."

"இதுல எது பொய்?"

"எதுவும் பொய் இல்லீங்க."

"அப்ப எதையும் விட்டுடாதீங்க."

விழாவுக்கு அம்மையும் கூடப் போனாள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. பொன்னுரங்கம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆற்றின் தந்தை என்றார்கள், மீனினத்தின் காவலர் என்றார்கள். அவர் தலை நிமிரவே இல்லை.

சடையன் மைக்கைப் பிடித்தார்.

"ஐயா ஆத்தைக் காப்பாத்தினாருங்க. நான் வெடி போட்ட எடத்துல இன்னிக்கு மீன் துள்ளுது. அது சத்தியம். எம் பொண்டாட்டி மொகத்தைக் கடைசியாப் பாக்க ஐயா என்னை விடல. அதுவும் சத்தியம். மீனைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு ரெண்டும் ஞாபகம் வருது."

விழாக்குழுத் தலைவர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கப் போனார். பொன்னுரங்கம் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா பேர் என்ன?"

"மாராத்தாளுங்க."

"மாராத்தாள்." அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அந்த மனு எனக்கு மறக்கல சடையா. இன்னிக்கு வந்தாலும் அதையேதான் எழுதுவேன்."

மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. போர்த்திய பொன்னாடை அவர் தோளிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை.

திரும்பி வருகிற வழியில் சடையனுக்கு மனசு ஆறவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு பெரிய மனுசனை அழவெச்சுப்போட்டனுங்களே அம்மா. பாராட்டு விழாவே பாழாப்போச்சு."

அம்மை சொன்னாள்:

"எல்லாரும் அவர் மேல மாலையை ஏத்தினாங்க. அவர் இத்தனை வருஷமாச் சுமந்ததை இறக்கி வெச்சது நீங்க ஒருத்தர்தான்."