ராஜா முகத்தில் விழுந்த நிழல்

முன்னொரு காலத்தில் சீன தேசத்தை ஆண்ட ராஜா ஒருவருக்குத் தம் முகத்தின் மேல் கொள்ளை ஆசை. கோபமோ அதைவிட அதிகம். அவருக்குப் படம் எழுத மேற்கேயிருந்து கப்பலேறி வந்திருந்தார் அன்செல்மோ பாதிரியார். ராஜா சிம்மாசனத்தில் இருக்க, பக்கத்தில் அவருடைய செல்ல அதிகாரி காவ் ஷென் நிற்க, எண்ணெய் வர்ணத்தில் பெரிய படம் ஒன்றை எழுதி முடித்தார்.

சபையில் திரையை விலக்கினார்கள். படத்தில் ராஜாவின் இடது கன்னம் கறுத்துக் கிடந்தது.

“ஐயோ, பாதி முகத்தில் கரி!” என்று கத்தினான் காவ் ஷென். பாதிரியாருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து நெடுநாளாக வயிறெரிந்தவன் அவன். “பாதி ராஜ்யம் போய்விடும் என்று சொல்லாமல் சொல்கிறான், மகாராஜா!”

“எழுதிய கையை வெட்டுங்கள்” என்றார் ராஜா.

பாதிரியார் சிம்மாசனத்தின் முன் மண்டியிட்டார். “அது கரியில்லை, மகாராஜா... நிழல். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக வந்ததால்... எங்கள் ஊரில் இப்படித்தான்...”

“எனக்கு ஜன்னலா வெளிச்சம் கொடுக்கிறது?” என்று இரைந்தார் ராஜா. காவலன் வாளோடு வந்து நின்றான்.

மந்திரி சூ வென்னுக்கும் ராஜாவின் கோபத்தைக் கண்டு பயம்தான். நல்ல மனுஷனின் கை அநியாயமாகப் போகப்போகிறதே! ஆனாலும் ராஜா சொன்ன சொல்லைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“சரியாகச் சொன்னீர்கள், மகாராஜா. வெளிச்சமே தாங்கள்தான். பாவம், பாதிரியாருக்கு அது தெரியவில்லை. ஒரு ஊதுவத்தி எரியும் நேரம் கொடுங்கள், திருத்திவிடுவார்.”

ஊதுவத்தியைக் கொளுத்தினார்கள். பாதிரியார் ஈரம் காயாத கறுப்பைத் துடைத்தார். சீனத்து ஓவியர்கள் எழுதுவது போல ராஜாவின் முகத்தை நிழலே இல்லாமல் எழுதினார். தூண், பூச்சாடி, காவ் ஷென்னின் ஒரு கன்னம் எல்லாவற்றுக்கும் தம் ஊர் வழக்கப்படி நிழல் கொடுத்தார். ஒவ்வொரு நிழலும் ராஜாவை விட்டு விலகி விழுந்தது. சாம்பல் உதிர உதிரக் கை நடுங்கியது. இதுதான் இந்தக் கை எழுதும் கடைசிப் படமோ என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

ராஜா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “இதுதான் நான்!” என்றார் கடைசியில்.

காவ் ஷென்னுக்குப் பொறுக்கவில்லை. “அப்படியானால் என் முகத்தில் மட்டும் ஏன் கறுப்பு? அதையும் எடு!”

“தாராளமாக எடுக்கட்டும்” என்றார் மந்திரி. “பாதிரியாரே, இவரும் ராஜாவைப் போலத் தாமே ஒளி வீசுகிறவராம். சபையில் இரண்டு சூரியன் என்றே எழுதிவிடும்.”

ராஜா மெதுவாகத் திரும்பினார். வாள் பிடித்த காவலனும் திரும்பினான்.

“வேண்டாம், வேண்டாம்!” காவ் ஷென் தடாலென்று தரையில் விழுந்தான். “நிழலே இருக்கட்டும்! இன்னும் கொஞ்சம் கூடவே போடுங்கள், சாமி!”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மந்திரிக்கு முத்துமாலையும் பாதிரியாருக்குப் பட்டு அங்கியும் கொடுத்தார். “இத்தனை தூரம் கெஞ்சுகிறானே, இரண்டு கன்னத்திலும் போடும்!”

பாதிரியார் தூரிகையைக் கறுப்பில் நன்றாகத் தோய்த்தார். இந்தத் தடவை கை நடுங்கவே இல்லை.