மதிலுக்கு ஓர் இலை, பாத்திக்கு ஓர் இலை

உச்சிவேளையிலும் மூடுபனி கலையாத ஒரு மலைச்சரிவில் பொற்கொடி அம்மையின் குடில் இருந்தது. சீடர் ஒருவர்தான். பெயர் மாசிலாமணி. அம்மையைவிடப் பதினோரு வயது மூத்தவர்.

குடிலுக்குப் பின்னால் மாசிலாமணி அவரை விதை ஊன்றியிருந்தார். அவருடைய மனைவி செவந்தி இறப்பதற்கு முன் சாம்பலில் புரட்டிக் கலயத்தில் வைத்துப்போன விதை அது. மொத்தம் இருபத்தொன்று. அந்த இனம் வேறு யாரிடமும் இல்லை.

ஒரு பெட்டை மயில் வந்து கிளறியது. முதல் நாள் ஒன்பது விதை போயிற்று. மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் இரண்டு. மண்ணுக்குள் மூன்றுதான் மிச்சம்.

நான்காம் நாள் மாசிலாமணி ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"அம்மா, சோற்றில் விஷம் கலந்து பாத்தியில் வைக்கலாம் என்று இருக்கிறேன். வைக்கலாமா?"

"இதை வாங்க எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?"

"போக மூன்று மைல். வர மூன்று."

"முள் வெட்டிப் போட்டிருக்கலாமே?"

"போட்டேன். தாண்டி வந்துவிட்டது. மயிலுக்கு முள் எம்மாத்திரம்?"

"மயிலா? காலையில் நீங்கள் திட்டியதைக் கேட்டு எருமை என்றல்லவா நினைத்தேன்."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

தினமும் சாப்பிடுமுன் அவர் செவந்தியை நினைத்து மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். அன்று இன்னும் வைக்கவில்லை. அம்மை இரண்டு வாழையிலை நறுக்கினார். ஒரே பானையிலிருந்து இரண்டிலும் சோறு வைத்தார்.

"ஒன்று மதிலுக்கு. ஒன்று பாத்திக்கு. பாத்திக்கு உள்ளதில் கலந்துகொள்ளுங்கள்."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

"எது யாருக்கு என்று வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மை கேட்டார்.

பொட்டலத்தை அவர் மறுபடி மடித்தார். நான்கு மடிப்பு. பிறகு ஓர் இலையை மட்டும் எடுத்துப் போய் மதிலில் வைத்துக் கூப்பிட்டார்.

"கா... கா..."

குரல் பனிக்குள் போயிற்று. காக்கை வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

பனி ஓரிடத்தில் மட்டும் அசைந்தது. அங்கிருந்து பெட்டை மயில் வந்தது. காலடி கேட்கவில்லை. மதிலில் ஏறி நின்று, அவரைப் பார்த்தது. பிறகு இலையில் கொத்தத் தொடங்கியது.

மாசிலாமணி குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தார்.

"கூப்பிட்டது நீங்கள்தானே?" என்றார் அம்மை.

"நான் காக்கையைக் கூப்பிட்டேன்."

"அப்படியா? செவந்தியை என்று நினைத்தேன்."

மயில் ஏழு முறை கொத்தும்வரை அவர் ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தாழ்ந்தது.

"அவளுக்கு அவரைக்காய் என்றால் உயிர்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அம்மை உள்ளே போய் மூன்று கூடைகளை எடுத்து வந்தார். மண்ணுக்குள் இருந்த மூன்று விதைகளுக்கும் மேலே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். கூடைக்கு ஒரு கல் வைத்தார். மயில் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"அம்மா, இது அவள்தானா?"

"எனக்குத் தெரியாது. மிச்சமிருக்கும் இலையையும் மதிலில் வையுங்கள்."