விழுங்காத மிடறு

குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் லெயோனி. புதுச்சேரிப் பெண்மணி. பெல்ஜியத்துக்குப் போய் பீர் காய்ச்சப் படித்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வெளியே ஒரு சிறிய பீர் ஆலையில் சுவை பார்ப்பது அவருடைய வேலை. எந்தத் தொட்டி வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பதை அவர் நாக்குதான் முடிவு செய்யும்.

சீடர் மாசிலாமணி குன்னூரிலிருந்து வந்தவர். ஒரு தேயிலைக் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் தேநீர் ருசி பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வயதில், அந்த ஒரே ஒரு வித்தையுடன், பீர் ருசி பழக மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கியிருந்தார்.

ஆலை முதலாளி கஜபதி, இருவரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டே சொன்னார்.

"மார்கழி வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. அப்புறம் எனக்கு ஒருத்தர் போதும். யாருங்கறதை அப்பப் பாத்துக்கலாம்."

இருவரும் தலையாட்டினார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

முதல் நாள் மாசிலாமணி நெற்றியில் சந்தனத்துடன் வந்தார். லெயோனி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"சந்தனம், பூ, தைலம், சென்ட், எதுவும் இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது சார். போய்க் கழுவிட்டு வாங்க."

"சாமி கும்பிட்டது மேடம்."

"சாமி வெளியிலயே இருக்கட்டும். கோவிச்சுக்கமாட்டார்."

மாசிலாமணி கழுவிக்கொண்டு வந்தார். குருவின் மீது அவருக்கு மரியாதை ஏற்பட்டது.

அந்த ஆலையின் பெயர் சொல்லும் சரக்கு, பெல்ஜியப் பாணியில் காய்ச்சிய பேல் ஏல் என்ற பீர். கசப்புக்கும் மணத்துக்குமாக ஹாப்ஸ் என்ற பூவைத் தாராளமாகப் போட்டுச் செய்வது. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் கலங்கிய தேனின் நிறம். மேலே வெள்ளை நுரை. குவளையைச் சாய்த்தால் நுரை உள் சுவரில் கோலம் போட்டுக்கொண்டு இறங்கும்.

தினமும் காலை பதினோரு மணிக்கு, வயிறு பாதி காலியாக இருக்கும்போது, ருசி பார்ப்பார்கள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க" என்பார் லெயோனி. ஒருநாளும் அவர் முதலில் சொன்னதில்லை.

மாசிலாமணி குவளையை மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். பிறகு, தேநீரை உறிஞ்சுவதைப் போல அறை அதிரும் சத்தத்துடன் ஒரு மிடறு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, காலடியில் வைத்திருக்கும் பித்தளைக் கிண்ணத்தில் துப்புவார்.

"கிச்சிலிப் பழத் தோல். கிராம்பு. நல்லாப் பழுத்த கொய்யா. பின்னாடி, அப்பதான் வெட்டின புல்லு."

"வெள்ளை மிளகு?"

"ஆமா மேடம், அதுவும் இருக்கு. அப்புறம் லேசா பிஸ்கட் மாதிரி ஒரு இனிப்பு. நாக்குல ஊசி குத்துற மாதிரி ஒரு துள்ளல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"முழுங்கினா இன்னும் ஒண்ணு இருக்கு."

இந்த இடத்தில்தான் தினமும் தகராறு. தேநீர் ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான கோப்பைகள். விழுங்கினால் உடம்பு தாங்காது. பீர் அப்படியில்லை. அதன் கசப்பு தொண்டையைத் தாண்டிய பிறகுதான் முழுசாக எழுந்து வரும். ஆகவே பீர் ருசி பார்ப்பவர்கள் ஒரு மிடறாவது விழுங்கியே ஆக வேண்டும்.

"முப்பது வருஷம் துப்பித்தான் மேடம் பேர் வாங்கினேன்" என்பார் மாசிலாமணி.

"துப்புறதுக்குப் பாண்டிச்சேரி வரைக்கும் வரணுமா சார்? குன்னூர்லயே துப்பியிருக்கலாமே."

"நாக்குக்குத் தெரியாதது தொண்டைக்கு என்ன தெரிஞ்சிடப் போகுது?"

ஒருநாள் லெயோனி இப்படிக் கேட்டார்: "காலிங்பெல்லை அடிச்சுட்டு, கதவைத் திறக்கறதுக்குள்ள ஓடிப்போற வாலுப் பசங்களைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"அந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு அவனுங்களுக்குத் தெரியுமா?"

மாசிலாமணி சிரித்தார். கிண்ணத்தில் துப்பினார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அறையில் தண்ணீர் புகுந்தது. தரையைக் கழுவியவர்கள் பினாயிலைப் பாட்டில் பாட்டிலாகக் கொட்டியிருந்தார்கள். மாசிலாமணிக்குக் கண்ணே எரிந்தது. இன்றைக்கு வேலை நடக்காது என்று எண்ணி வாசலில் நின்றார்.

லெயோனி வந்தார். நேராக உள்ளே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குவளையைக் கையில் எடுத்தார்.

"என்ன சார் நிக்கறீங்க? முதல்ல நீங்க சொல்லுங்க."

மாசிலாமணி குருவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு சுளிப்பும் இல்லை. பினாயில் வாடைக்கு நடுவே, முந்தைய நாள் சொன்னதையே திரும்பச் சொன்னார். கிச்சிலித் தோல், கிராம்பு, கொய்யா. லெயோனி தலையாட்டினார்.

மறுநாள் மாசிலாமணி கழுத்து நிறையத் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு வந்தார். குருவுக்கு அருகில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். லெயோனி வழக்கம்போல, "முதல்ல நீங்க சொல்லுங்க" என்றார்.

மாசிலாமணி ஒரு வாரம் பொறுத்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கழுத்துல தைலத்தைத் தடவிட்டு வந்த அன்னைக்கே கேட்டிருக்கலாமே சார்."

மாசிலாமணிக்கு முகம் சுருங்கியது. "வாசனை தெரிஞ்சுதா?"

"கழுத்து பளபளன்னு மின்னிச்சு. நீங்க வேற என் மூக்கையே பாத்துட்டிருந்தீங்க."

"அப்போ முதல் நாள், சந்தனம்?"

"நெத்தியிலதானே இருந்துச்சு. கண்ணு எனக்கு நல்லாத் தெரியும்."

வெளியே மழை விட்டிருந்தது. லெயோனி குவளையைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது மூக்கைக் கொண்டுபோயிடுச்சு. திரும்பி வரும்னு டாக்டர் சொன்னாரு. வரல."

"தினமும் என்னை முதல்ல சொல்லச் சொன்னது..."

"நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

"நான் அதைப் பாடம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"பாடமும்தான்."

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாததால் அது குரலில் வந்து நின்றது.

"அப்போ இதுல உங்களுக்கு என்னதான் தெரியுது?"

லெயோனி குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் இனிப்பு. நுரை குத்துறது. அப்புறம் கசப்பு. கிச்சிலி கிடையாது, கொய்யா கிடையாது, உங்க புல்லும் கிடையாது. பூவைக் கொட்டிக் காய்ச்சறோம். எனக்கு வந்து சேர்றது கசப்பு மட்டும்தான். நல்ல கசப்பு எது, ஆகாத கசப்பு எதுன்னு மட்டும் முன்னைவிட நல்லாத் தெரியுது. நீங்க வர்ற வரைக்கும் அதை வெச்சுத்தான் ஓட்டினேன்."

"வேற வேலைக்குப் போயிருக்கலாமே மேடம்."

"எனக்கு வேற என்ன தெரியும்? உங்களுக்கு என்ன தெரியும்?"

மாசிலாமணி காலடியிலிருந்த கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

"நான் கேக்கலையே சார்."

மார்கழி பிறந்த வாரத்தில் கஜபதி வந்தார். வரும்போதே உற்சாகமாக இருந்தார். புது வருடக் கொண்டாட்டத்துக்குக் கடற்கரை ஓட்டல்கள் பேல் ஏல் கேட்டிருந்தன. மூன்றாம் தொட்டி நிரம்பியிருந்தது. மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று முதலாளியே சொல்லி, அதில் ஹாப்ஸ் பூவை இரண்டு மடங்கு போட்டிருந்தார்கள்.

மூன்று குவளைகள் வந்தன.

"சொல்லுங்க மாசிலாமணி சார்."

மாசிலாமணி முகர்ந்தார். அப்படி ஒரு மணத்தை அவர் தேயிலையில் கூடக் கண்டதில்லை. உறிஞ்சினார், சுழற்றினார், துப்பினார்.

"கிச்சிலித் தோலை இப்பதான் உரிச்ச மாதிரி இருக்கு சார். பம்ப்ளிமாஸ் இருக்கு. கொய்யா, கிராம்பு, மாம்பூ. மழையில நனைஞ்ச புல்லு. இதுவரைக்கும் இங்க காய்ச்சினதுல இதுதான் சார் முதல் தரம்."

கஜபதிக்கு முகம் மலர்ந்தது. "கேக்கவே போதை ஏறுது! மேடம், நீங்க?"

லெயோனி ஒரு மிடறு விழுங்கினார். குவளையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். மற்ற இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது போகக்கூடாது. பொறுக்கணும்."

"என்ன மேடம்? அவர் இவ்வளவு சொல்றாரு!"

"அவர் சொன்னது எல்லாம் இருக்கும். அதைப் பத்தி நான் பேசல. போட்ட பூ இன்னும் அடங்கல. தொண்டையை அரம் வெச்சு ராவுது. ஒரு குவளை குடிச்சவன் ரெண்டாவது கேக்கமாட்டான்."

கஜபதி தன் குவளையிலிருந்து நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தார். அவருக்கு மணம்தான் தெரிந்தது. ஓட்டல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஒருத்தர் முதல் தரம்ங்கறீங்க, ஒருத்தர் ஆகாதுங்கறீங்க. யாரோ ஒருத்தருக்கு நாக்கு சரியில்லன்னு அர்த்தம்." மாசிலாமணியின் பக்கம் திரும்பினார். "யாருக்கு சார்?"

மாசிலாமணி தன் கைகளைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. குன்னூரில் பூட்டிய கம்பெனி. மார்கழி பிறந்தாயிற்று.

"மேடத்துக்கு மணம் தெரியாது சார்" என்றார். "ரெண்டு வருஷமா."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கஜபதி திகைத்தார். "மேடம்?"

"உண்மைதான்" என்றார் லெயோனி.

முதலாளி நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. எழுந்து நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, "நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மேடம். உடம்புதான் முக்கியம்" என்றார். பிறகு வெளியே போய், மூன்றாம் தொட்டியைப் பீப்பாயில் ஏற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

அறையில் இருவர் இருந்தார்கள்.

லெயோனி மேசை இழுப்பறையிலிருந்து தன் பொருள்களை எடுத்துப் பையில் போட்டார். அதிகம் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பருத்தித் துண்டு, சொந்தமாக வாங்கி வைத்திருந்த ஒரு குவளை.

"ஏன் மேடம் மறுக்கல?" என்று கேட்டார் மாசிலாமணி. "இல்லன்னு சொல்லியிருந்தா என்னைத்தானே அனுப்பியிருப்பாரு."

லெயோனி பையை மூடினார். மேசையில் மிச்சமிருந்த குவளையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முழுங்குங்க."

மாசிலாமணி குவளையை எடுத்தார். இந்த முறை சத்தம் வரவில்லை. விழுங்கினார்.

முதலில் ஒன்றும் இல்லை. கிச்சிலி போனது. கொய்யா போனது. கிராம்பு சற்று நின்று, அதுவும் போனது. இவ்வளவுதானே என்று அவர் நிமிர்ந்தபோது, தொண்டையின் அடியிலிருந்து அது ஏறி வந்தது. வேப்பம்பூவின் கசப்பு இல்லை. பாகற்காயின் கசப்பும் இல்லை. மாத்திரையை மென்றுவிட்டுத் தண்ணீர் கிடைக்காதவனின் கசப்பு. அது தொண்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. எச்சிலைக் கூட்டி விழுங்கிப் பார்த்தார். இன்னும் ஒரு படி ஏறியது.

"மேடம்..."

"ம்."

"இது ஆகாது. நீங்க சொன்னதுதான் சரி. முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க? மூக்கில்லாதவ சொன்னதுதான் சரின்னா?"

மாசிலாமணி எழுந்தவர் எழுந்தபடி நின்றார். முற்றத்தில் பீப்பாய்களை உருட்டும் சத்தம் கேட்டது. லாரியின் பின் கதவு திறந்தது. அவர் வாசல் வரை போனார். வாசலைத் தாண்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது எப்போ மேடம் போகும்?"

"தொட்டியிலயே குளிர்ல விட்டு வெச்சிருந்தா மூணு வாரத்துல போயிருக்கும்."

"என் தொண்டையில இருக்கிறது?"

லெயோனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதை நான் எப்படி சார் சொல்றது? இனிமே டேஸ்டர் நீங்கதானே."